கேள்வி – பதில்: ‘ஒரு சீமாட்டி எழுதியது’

18-ஆம் நூற்றாண்டில் பெண்கள் பெயர் போடாமல் எழுதிய ஆங்கில நூல்கள், அவற்றை அச்சேற்றியவர்கள் பற்றி வந்த கேள்விகளில் சில.

இணையத்தில் பழைய ஆங்கில நாவல் ஒன்றின் ஸ்கேன் பிரதி கிடைத்தது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும் இருக்கிறது. பதிப்பித்தது யார் என்றாவது கண்டுபிடிக்கலாமா?
– கல்லூரி ஆசிரியை, அஸ்தம்பட்டி

தலைப்புப் பக்கத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள். அடியில் ‘லண்டன்’ என்று தொடங்கும் சில வரிகள் இருக்கும். ‘இன்னாருக்காக அச்சிடப்பட்டது’ என்றால் அந்த இன்னார்தான் முதல் போட்டவர். ‘இன்னாரால்’ என்றால் அச்சகக்காரர். ‘இன்னாரிடம் கிடைக்கும்’ என்றால் வெறும் கடை. பதிப்பாளர் என்று தனித் தொழில் அன்று பெரும்பாலும் கிடையாது. புத்தகக் கடைக்காரரே பதிப்பாளர். ‘ஆசிரியருக்காக அச்சிடப்பட்டது’ என்று கண்டால் விடாதீர்கள். செலவு எழுதியவர் கையிலிருந்தோ, முன்பணம் கட்டிய சந்தாதாரர்களிடமிருந்தோ வந்திருக்கும். சந்தாதாரர் பட்டியல் முன்பக்கங்களில் இருந்தால், அந்தப் பெண்ணின் ஊரையும் பழக்க வட்டத்தையும் பிடிக்க அதைவிட நல்ல தடயம் இல்லை.

ஆண்டை அப்படியே நம்பவேண்டாம். வருடக் கடைசியில் வந்த புத்தகத்துக்கு அடுத்த ஆண்டைப் போட்டுவிடுவார்கள், சரக்கு பழசாகத் தெரியக்கூடாதே! ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ கடைக்கு வந்தது 1817 டிசம்பரில். பக்கத்தில் இருப்பது 1818.

ஸ்கேனில் சொல் தேடும்போது இன்னொரு தொல்லை. சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ அன்றைய அச்சில் நீண்டு ‘எஃப்’ போலவே இருக்கும், கணினியும் எஃப் என்றே படித்துவிடும். தேடியது அகப்படாவிட்டால் எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டுப் பாருங்கள். 1800 வரையிலான ஆங்கில அச்சு நூல்களுக்கு ‘இஎஸ்டிசி’ (இங்கிலீஷ் ஷார்ட் டைட்டில் கேட்டலாக்) என்ற பட்டியல் இருக்கிறது. அதில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர் வந்தால் அது பட்டியல்காரர் சேர்த்தது, புத்தகத்தில் அச்சானது அல்ல.

முகத்தைக் காட்டாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பணம் வாங்கியது எப்படி?
– வாசகர், அம்மாப்பேட்டை

நடுவில் ஓர் ஆண் வேண்டும். பெரும்பாலும் அண்ணன் தம்பி. ஃபிரான்சஸ் பர்னி ‘எவலினா’ நாவலைத் தன் கையெழுத்தை மாற்றி எழுதினார். அப்பாவின் நூல்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான், அச்சகத்தில் யாராவது எழுத்தை அடையாளம் கண்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் அணுகிய லண்டன் புத்தகக் கடைக்காரர் டாட்ஸ்லி, பெயர் சொல்லாதவர் எழுத்தைப் பார்ப்பதில்லை என்று மறுத்துவிட்டார். அடுத்து ஃபிளீட் தெருவின் தாமஸ் லௌண்ட்ஸ். தம்பி சார்லஸ் மாறுவேடம் போட்டுக்கொண்டு போய்ப் பிரதியைக் கொடுத்தார். பதில் கடிதம் ஒரு காப்பிக் கடை முகவரிக்குப் பொய்ப்பெயரில் வந்தது. முதல் இரண்டு பாகங்களை வைத்துக்கொண்டு, மூன்றாவது முடிந்தால்தான் அச்சு என்றார் லௌண்ட்ஸ். 1778 ஜனவரியில் புத்தகம் வந்தது. உரிமை முழுவதற்கும் கிடைத்தது 20 கினி, அதாவது 21 பவுண்டு. பெயர் ஊரறிந்த பிறகு, 1782-இல் அடுத்த நாவல் ‘சிசிலியா’வுக்கு 250 பவுண்டு.

இந்த முழு உரிமை விற்பனையில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்டினின் ‘சூசன்’ 1803-இல் கிராஸ்பி நிறுவனத்துக்கு 10 பவுண்டுக்குப் போனது. விளம்பரம் வந்தது, புத்தகம் வரவில்லை. 1809-இல் அவர் பொய்ப்பெயரில் எழுதிக் கேட்டபோது, எப்போது வெளியிடுவோம் என்று கெடு ஏதும் பேசவில்லையே, 10 பவுண்டைக் கொடுத்துப் பிரதியை எடுத்துப் போகலாம் என்று பதில் வந்தது. அதைத் திரும்ப வாங்க 1816 ஆனது. மேலே சொன்ன ‘நார்த்தாங்கர் ஆபி’ இதுதான்.

பெயர் போடாத ஆங்கிலச் சமையல் நூல் ஒன்றில் நம் கறிக்குழம்பு இருக்கிறதாமே? எங்கள் காப்பித் தோட்டத்து மிளகைப் போட்டுச் செய்து பார்க்க ஆசை.
– வாசகி, ஏற்காடு

தாராளமாக. 1747-இல் ‘ஒரு சீமாட்டி’ எழுதியதாக வந்த ‘தி ஆர்ட் ஆஃப் குக்கரி’யில் இருக்கிறது. இரண்டு கோழி அல்லது முயலைச் சிறு துண்டாக்கி, பொடியாக நறுக்கிய மூன்று நான்கு சின்ன வெங்காயம், எண்ணி 30 மிளகு, பெரிய கரண்டி ஒன்று அரிசி, ஒரு டீஸ்பூன் உப்பு. கொத்தமல்லி விதையைச் சுத்தமான இரும்புச் சட்டுவத்தில் நெருப்பின் மேல் வறுத்து இடித்துச் சேர்த்து, ஒரு பைண்ட் தண்ணீரில், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டு, மெல்ல வேகவிட வேண்டும். கடைசியில் பெரிய வால்நட் அளவு வெண்ணெய். மஞ்சள், இஞ்சி, மிளகாய் எதுவும் கிடையாது. அரிசி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், அடியும் பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு கோழிக்கு 30 மிளகு நம் வீட்டில் யார் நாக்கிலும் உறைக்காது. சேலம் லீ பஜார் கொத்தமல்லியின் மணம்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்தப் புத்தகம் ‘ஆசிரியருக்காக’ அச்சிட்டு, ஒரு பீங்கான் கடையில் விற்றது. 1754-இல் கடனில் மூழ்கிய அந்த ஆசிரியை உரிமையை விற்றுவிட்டார். ஓர் ஆண் மருத்துவர் எழுதியது என்றுகூட வதந்தி இருந்தது; எழுதியவர் ஹன்னா கிளாஸ் யார் என்ற விவரத்தை ஒரு பெண் வரலாற்றாசிரியர் 1938-இல்தான் துப்புத் துலக்கினார்.

‘ஒரு சீமாட்டி’ என்றால் பெண்தான் என்று நம்பலாமா?
– ஓமலூர்

கூடாது. ஆண்களும் அப்படிப் போட்டுக்கொண்டதுண்டு. வாடகை நூலகங்களுக்குச் சரக்குத் தேவைப்பட்டது. லெடன்ஹால் தெருவில் மினர்வா அச்சகமும் வாடகை நூலகமும் நடத்திய வில்லியம் லேன் பெயரில்லாத நாவல்களை மலிவாக வாங்கிக் குவித்தவர்.

இந்தியாவைப் பற்றி அப்படி ஏதும் வந்ததா?
– ஆத்தூர்

‘ஹார்ட்லி ஹவுஸ், கல்கத்தா’, 1789, மூன்று பாகம், கடிதங்களாக எழுதிய நாவல். பதிப்பித்தது டாட்ஸ்லி, பர்னியைப் பெயரில்லை என்று திருப்பி அனுப்பிய அதே கடை! எழுதியவர் ஃபீபி கிப்ஸ் என்பது, வறுமையில் அவர் 1804-இல் எழுத்தாளர்களுக்கு உதவும் லிட்டரரி ஃபண்ட் என்ற நிதிக்கு உதவி கேட்டு எழுதிய மனுவில் அந்த நாவலைத் தன்னுடையது என்று சொன்னதால் தெரியவந்தது.