ஜன்னலோரம் அம்மாவுக்கு

"ஐயா, மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மாவோடு கோவையிலிருந்து அசாமிலுள்ள திப்ருகருக்கு விவேக் எக்ஸ்பிரஸில் போகலாம் என்றிருக்கிறேன். மூன்று நாள் வீண், அம்மாவுக்குப் போரடிக்கும், விமானத்தில் போங்கள் என்கிறார்கள் உறவினர்கள். சாப்பாட்டையெல்லாம் மனைவியும் அம்மாவும் வீட்டிலேயே செய்துவிடுவார்கள். ஸ்லீப்பரா, மூன்றாம் வகுப்பு ஏசியா? பிள்ளைகளுக்குப் படங்கள் டவுன்லோடு செய்துகொள்ளவா?"

அன்புள்ள நண்பருக்கு,

படங்களை விடுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே விளையாட்டைக் கண்டுபிடிப்பார்கள். டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்துவிடுங்கள். அம்மாவின் வயதைச் சரியாகப் போட்டால், இடம் இருக்கும்வரை கீழ் பெர்த் கொடுப்பார்கள்.

என்னை உறுத்தியது வேறு. அம்மாவுக்குப் போரடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் கேட்டீர்களா? உறவினர்களிடம் கேட்டிருக்கிறீர்கள், என்னிடம் கேட்கிறீர்கள். அவரைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

எண்பதுகளின் கடைசியில் என் அப்பாவுக்குக் கவுகாத்திக்கு மாற்றல். சென்னையிலிருந்து கிளம்பி, ஹவுராவில் வண்டி மாறிப் போனோம். அடுப்பு இல்லாத இடத்தில் அம்மாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் ராஜமுந்திரிப் பாலத்தில் அப்பா எங்களிடம், "இதான் கிருஷ்ணா" என்றார். அம்மா திரும்பாமலே சொன்னார்: "கிருஷ்ணாவை மத்தியானமே தாண்டியாச்சு. இது கோதாவரி. நாசிக் பக்கம் பிறக்குது."

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா. பூகோளத்தில் அவர்தான் வகுப்பில் முதல் மார்க்காம். எங்கள் யாருக்கும் அது தெரியாது, அப்பாவுக்கும்கூட. அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. விடிவதற்குள் மகாநதி வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மறுநாள் நள்ளிரவில் என்னை உலுக்கி எழுப்பினார். ஃபராக்கா பாலம். வண்டி மெதுவாகப் போக, கீழே இருட்டில் கங்கை. கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. பிரம்மபுத்திரா மேல் சராய்காட் பாலம் வந்தபோது அழுதுவிட்டார்.

கன்னியாகுமரியில் கிளம்பும் உங்கள் வண்டியும் மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இத்தனை நதிகளையும் தாண்டித்தான் போகிறது. அதைப் போய் வீண் என்பதா? சாப்பாட்டு மூட்டை வேறு! கிளம்புவதற்கு முந்தின ராத்திரி முழுக்க இரண்டு பெண்களும் அடுப்படியில் நிற்க வேண்டும், அப்புறம் வண்டியிலும் உட்காராமல் பிரித்துப் பரிமாற வேண்டும். எதற்கு? முதல் நாளைக்கு மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், அதையும் நீங்கள் கட்டுங்கள். மற்ற நாளெல்லாம் வாங்கிச் சாப்பிடலாம். ரயில் சாப்பாடு சுமார்தான், இருக்கட்டும். அந்த மூன்று நாளும் அம்மா ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாது.

ஸ்லீப்பரா ஏசியா என்று கேட்டிருந்தீர்கள். ஏசியில் கண்ணாடி திறக்காது. ஆனால் ஸ்லீப்பரில் முழங்கால் வலி, தூசி எல்லாம் இருக்கிறதே. சரி, இதையும் அம்மாவிடமே கேளுங்கள். நதிகளின் பெயர் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.