மூன்று அலகுக் கத்தரிக்கோல் – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். 600 சொல்லி 400க்கு முடிந்தது. உள்ளே மூன்று அலகுள்ள ஒரு கத்தரிக்கோல், எலும்பில் செதுக்கிய மழுங்கல் கத்தி, ஒரு கைப்பிடி அளவு லாட ஆணிகள், முனையில் குட்டிச் சக்கரம் வைத்த ஓர் இரும்புக் கருவி. கத்தரிக்கோல் தையல்காரருடையது, ஆணி ஜட்கா வண்டிக்காரருடையது, யாரோ ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். துணியை வெட்டிப் பார்த்தேன், கடித்து மென்று வைக்கிறது. இவை ஒரே ஆளுடைய சாமான்களா? தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கே. எஸ்., பெரம்பூர்

அன்புள்ள கே. எஸ்.,

ஒரே ஆளுடையவைதான். ஈயம் கோத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்தவருடைய பெட்டி அது. 400 ரூபாய்க்கு அடித்தீர்கள் யோகம்.

கத்தரிக்கோலைத் துணியில் சோதித்தது தப்பு. கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இருக்கும் இரண்டு அலகுகளுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து ஒற்றை அலகு இறங்கும். வெட்டிக்கொண்டே போனால் சேமியா மாதிரி ஒரு மெல்லிய காகித இழை சுருண்டு விழும். அந்த இழையை வெளியே எடுப்பதற்காகத்தான் இந்தக் கத்தரிக்கோலே.

இந்த ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டையைக் குறுக்கே வெட்டினால் ஆங்கில ‘எச்’ எழுத்து தெரியும். இரண்டு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடி உட்காரும். நடுத்தண்டு இரண்டு கண்ணாடிக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். தண்டின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஜன்னலின் முழு அளவுப் படத்தைக் காகிதத்தில் வரைந்து, சாதாரணக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, அவற்றை அச்சாக வைத்துக் கண்ணாடி அறுத்தீர்கள் என்று வையுங்கள். குறுக்கே 20 துண்டு வந்தால் நடுவில் 19 ஈயக் கோடு. கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும், ஜன்னல் சட்டத்துக்குள் போகாது. ஈயம் உட்காரும் இடத்தை முன்கூட்டியே காகிதத்திலிருந்து கழித்துவிடுகிறது உங்கள் மூன்றாவது அலகு. விழுந்த இழையை அளந்து பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் ஈய வேலை. அதில் பாதி என்றால், கண்ணாடி விளிம்பில் செப்புத் தகடு சுற்றிப் பற்றவைக்கும் வேலை. அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பரவியது.

லாட ஆணிக்கும் குதிரைக்கும் இங்கே சம்பந்தமில்லை. துண்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வரும்போது, சேர்த்தவரை நகராமல் ஓரத்தில் ஆணி அடித்து நிறுத்துவார்கள். லாட ஆணியின் பக்கங்கள் தட்டையாக இருப்பதால் கண்ணாடி விளிம்பில் சில்லு பெயராது. சுலபமாகப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடிக்கலாம். இன்றைக்கும் இந்த வேலை செய்பவர்கள் அதையேதான் தேடி வாங்குகிறார்கள். எலும்புக் கத்தி, நசுங்கிய ஈயப் பள்ளத்தை விரித்துவிட. இரும்பால் விரித்தால் ஈயம் கிழிந்துவிடும்.

சக்கரம் வைத்தது கண்ணாடி வெட்டி. எஃகுச் சக்கர வெட்டிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வந்தது 1869இல். அதற்கு முன்னால் வைரமுனை. அதற்கும் முன்னால், 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கண்ணாடியில் இழுத்து விரிசல் விடவைத்து, ஓரத்தை ஒரு கொக்கி இரும்பால் எலி கொறிப்பதுபோலக் கொறித்துச் சரிசெய்தார்கள். உங்கள் வெட்டியில் சக்கரத்துக்குப் பின்னால் சின்னச் சின்ன வெட்டுப்பள்ளங்கள் இருக்கும் பாருங்கள், கொறிக்கிற வேலை அங்கே மிச்சமிருக்கிறது.

தேவராஜ முதலி தெருவில் படம் மாட்டக் கண்ணாடி வாங்கப் போனபோது ஒரு பெரியவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெயில் சக்கரத்தைத் தொட்டு, ஒரே இழுப்பு. கிர்ரென்று ஒரு சத்தம். கோடு சரியாக விழவில்லையோ என்று, “இன்னொரு தடவை இழுக்கலாமே” என்றேன். “அதே கோட்டுல திரும்பப் போனா சக்கரமும் போச்சு, கண்ணாடியும் போச்சு தம்பி” என்று சொல்லிக்கொண்டே அடியில் இரண்டு தட்டு தட்டி, டக்கென்று உடைத்தார். எனக்கு அப்போது ஐம்பது வயது. தம்பி என்றது பிடித்திருந்தது.

பெட்டியில் இல்லாதது ஒன்று உண்டு, ஈயம் இழுக்கும் சிறு ஆலை. கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஈயக்கம்பி புகுந்து பட்டையாக வெளிவரும். இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சிலர் அந்தச் சக்கர விளிம்பில் பெயரும் வருடமும் வெட்டி வைத்தார்கள். ஈயம் வர வர, நடுத்தண்டில் அது திரும்பத் திரும்பப் பதியும். ஜன்னலைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் கண்ணில் மட்டும்தான் படும்.

இதனால்தான் தேய்க்கலாமா என்றதும் எனக்குப் பகீர் என்றது. பல வருடம் முன்பு மரப்பிடி வைத்த ஒரு வெட்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆயிற்று. கழுத்தில் பொடி எழுத்தில் ஏதோ குத்தியிருந்தது. சாயங்காலம் அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி எடுத்து வந்தால் எழுத்தைக் காணோம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பெட்டியின் அடியில் சாம்பல் தூள் இருந்தால் ஊதாதீர்கள், அது ஈயமாக இருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

அப்புறம், எழும்பூர் பக்கம் போனால் கன்னிமாரா நூலகத்தின் 1896ஆம் வருடத்துப் பழைய கூடத்தை எட்டிப் பாருங்கள். எல்லோரும் அங்குள்ள கண்ணாடியின் வண்ணத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் வண்ணங்களுக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். கத்தரிக்கோலின் திருகாணிப் பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து ஏதாவது இருந்தால் நானும் படித்துப் பார்க்கிறேன்.