தாவர ஆய்வும் சோறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்ஸி. தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஏற்காட்டில் இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கல்லூரியில் அழைத்துப் போனார்கள். அன்றிலிருந்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை.

என் புராஜெக்ட் வழிகாட்டி, தன்னிடமே பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறார். தலைப்புகூடத் தயாராக இருக்கிறது. ஏற்காடு இருக்கும் செர்வராயன் மலையின் செடி ஒன்றின் இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரிக்க வேண்டும். உதவித்தொகை கிடையாது. தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே செய்யலாம் என்கிறார். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்கு ஒரு வருடம் படிக்கிறேன் என்றால், வீணாக வயது போகும் என்கிறார். மாமாவோ பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வை எழுதச் சொல்கிறார். “செடி கொடியைப் படித்து யார் சோறு சாப்பிட்டார்கள்?” என்று கேட்கிறார்.

நீங்கள் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். எங்களைப் போன்ற வீட்டிலிருந்து ஒருத்தி தாவர ஆய்வாளராக வாழ முடியுமா? எந்தச் செடியை எடுத்துக்கொண்டால் நல்லது?

ம.
(பெயரையும் கல்லூரியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

உங்கள் மாமாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கடிதத்திலேயே பதில் சொல்லத் தகுந்த கேள்வி அதுதான். ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் சோற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒத்துவரும், பட்டறைக்காரர் மகளுக்கு ஒத்துவராது.

உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேராதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய் என்று மொத்தம் 5 ஆண்டுகள் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். வீட்டு வாடகைப்படி தனி. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறது என்பது முக்கியம். வழிகாட்டி தயவில் வருகிற பணமாக இருந்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு வாழைமரம் கட்டுவதும் ஆய்வில் சேர்ந்துவிடும். உங்கள் பெயரில் உதவித்தொகை இருக்கும்போது நல்ல ஆய்வகங்கள் உங்களைத் தேடும். கேள்வி கேட்கவும் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு ஒரு நிமிர்வு வரும்.

நெட் எழுதினால் வயது வீணாகும் என்று சொன்னவர் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைச் சமீபத்தில் பார்க்கவில்லை போலும். 2023 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றில் தேர்ச்சி. பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆய்வை நடுவில் விட்டுவிட்டு ஆசிரியராகப் போனாலும் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கும். அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அந்த இடங்கள் அரிதாகவே நிரப்பப்படுகின்றன, பிஎச்.டி. முடித்த பலர் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பாதியை மறைத்துப் பேசினால் மாமா பிறகு உங்கள் பேச்சையே நம்பமாட்டார்.

தேர்வு கடினம்தான். உயிர் அறிவியல் தாளுக்கு 200 மதிப்பெண், மூன்று பகுதிகள். மூன்றாம் பகுதியில் 75 கேள்விகள் இருக்கும். 25-க்கு விடையளித்தால் போதும். அந்த 25-க்கு மட்டுமே 100 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு குறையும். நம் கல்லூரிகளில் தாவரக் குடும்பங்களின் பண்புகளை ஒப்பிக்கப் பழக்கியிருப்பார்கள்; அங்கே ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் தடுமாறும் இடம் அது. ஒரு வருடம் முழுதாக உட்காருங்கள். அந்த ஒரு வருடத்துக்கு வீட்டில் சோறு போடுவார்களா என்பதை மட்டும் அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணப் பேச்சு உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் எந்த வீட்டில் இல்லை? 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. பெண்களுக்கு அதற்குமேல் கூடுதல் காலமும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பிலும் பெண்களுக்குத் தளர்வு இருக்கிறது. பேச்சு எழும்போது இதெல்லாம் கையில் இருக்கட்டும்.

இனி அந்த வெள்ளித் துகள். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றோடு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். ஒளி உறிஞ்சலை அளந்தால் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு தெரியும். பிறகு பாக்டீரியா வளர்த்த தட்டில் சொட்டுவிட்டு, பாக்டீரியா வளராமல் சுற்றி விழும் வளையத்தை அளவுகோலால் அளந்து அட்டவணை போடுவார்கள். முருங்கையிலும் இதுதான் நடக்கும், துளசியிலும் இதுதான், உங்கள் மலைச்செடியிலும் இதுதான். செடியின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். சாற்றில் உள்ள எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள், அது மெய்யான வேதியியல். ஆனால் நம் பக்கத்தில் நடப்பதில் பெரும்பகுதி அதுவல்ல. வெள்ளியைப் பற்றி உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாமல் வெள்ளியில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு.

‘செர்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினர் பயன்படுத்தும் மூலிகைகள்’ என்ற பட்டியலையும் விட்டுவிடுங்கள். அந்த மக்களைப் போதுமான அளவு தொந்தரவு செய்தாகிவிட்டது.

எந்தச் செடி என்று கேட்கிறீர்கள். அபூர்வமான செடி வேண்டும் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. ஊமத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் போவதற்குள் சாலையோரக் குப்பைமேட்டில் எங்காவது கண்ணில் படும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தப்பையைச் சத்துகள் கலந்த ஊடகத்தில் வளர்த்தபோது, மகரந்தத்திலிருந்தே சின்னச் சின்ன நாற்றுகள் முளைத்து வந்தன. தாயின் பங்கே இல்லாத, ஒற்றைத்தொகுதி குரோமோசோம் மட்டும் கொண்ட செடிகள். 1964-இல் அதை வெளியிட்டார்கள். தலைமுறைதோறும் பண்பு மாறாத தூய வரிசைகளை உருவாக்கப் பயிர்ப் பெருக்கக்காரர்கள் பல தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சுருக்கும் வழி இதிலிருந்து பிறந்தது. உலகம் முழுக்க இன்று அது கையாளப்படுகிறது.

உங்கள் மாவட்டத்திலேயே இன்னொன்று. 2008-இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளிக்குப் பரவியது. மருந்தடித்து மாளவில்லை. சேகோ ஆலைகளை நம்பிய ஊர்களுக்கு மரவள்ளி போனால் என்ன மிஞ்சும்? 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைத் தருவித்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பூச்சியை ஒழித்தது. உங்கள் மாமா ஜவ்வரிசிப் பாயசம் குடித்திருந்தால், இப்படிப்பட்ட ஆய்வுகளின் புண்ணியத்தில் கொஞ்சம் அவர் இலைக்கும் வந்திருக்கிறது.

ஏற்காட்டையே விடமாட்டேன் என்றால், அங்கே நான் மாணவனாக இருந்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதற்குள் இருக்காது. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். லூயிஸ் நட்சன் 1922-இல் சர்க்கரை கலந்த ஊடகத்தில், பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். குடுவைக்குள் ஆர்க்கிட் வளர்க்கும் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. குடுவைக்குள் சரி, மரத்தின் மேல்? 1820 வாக்கில் காக்பர்ன் என்ற கலெக்டர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழலாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் இப்போது மலை முழுக்க நிற்கிறது, மிளகுக்கொடி சுற்றியபடி. நம் நாட்டு மரத்தின் பட்டையில் இருக்கும் பூஞ்சைகள் சில்வர் ஓக் பட்டையிலும் இருக்கின்றனவா? அதன்மேல் விழும் ஆர்க்கிட் விதை முளைக்குமா? தோட்டக்காரர் நிழல்மரத்தை மாற்றும்போது மரத்தோடு வேறு என்னென்ன போகிறது? பூஞ்சையைப் பிரித்தெடுக்க, டி.என்.ஏ. பார்த்து இனம் காண, மரமேறி எண்ண என்று மூன்று விதமான வேலை இதில் இருக்கிறது. ஆய்வகத்துக்குள் இருப்பதா மலையில் அலைவதா என்று நீங்கள் குழம்ப வேண்டிய தேவையும் இராது. காலக்கணக்கை மட்டும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பூத்துக் காய் முற்றப் பல மாதங்கள் ஆகும். ஒரு பருவம் தவறினால் அடுத்த வருடம்தான். உதவித்தொகைக்கோ 5 வருடம்தான் ஆயுள்.

செடிகளை இனம்கண்டு பெயரிடும் வகைப்பாட்டியல் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதற்கென்று இருக்கும் வேலைகள் கொஞ்சம்தான். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரத்துக்குப் பெயர் வைத்தவர் கேம்பிள், வெள்ளைக்கார வன அதிகாரி. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் உலர்தாவரக்கூடம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் இடம்) இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் கூடம் இருக்கிறது. முன்அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்த் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். பூவின் நிறம் காய்ந்ததும் போய்விடும். சேகரித்தவர் அன்றே சீட்டில் ‘மங்கிய ஊதா’ என்று எழுதி வைத்திருந்தால்தான் நமக்குத் தெரியும். ஆர்க்கிட்டைச் சும்மா அழுத்தி வைத்தால் தாளுக்குள்ளேயே உயிரோடு கிடந்து இலையை உதிர்க்கும். கொதிநீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அழுத்துவார்கள். பூவை மட்டும் தனியே சாராயத்தில் போட்டு வைப்பார்கள். ஏற்காட்டு மழைக்காலத்தில் செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். இந்த வேலை உங்களுக்கு அலுப்பாக இருக்கிறதா, கை அதுவாகவே அடுத்த தாளுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். வேறு எந்தச் சோதனையும் உங்களைப் பற்றி இவ்வளவு சொல்லாது.

வாழ முடியுமா என்ற கேள்விக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் வாழ்க்கையைப் பாருங்கள். அவரைச் சுவரொட்டியாக்கி வைத்திருக்கிறோம். அவருடைய வேலை வரலாற்றைப் படிப்பவர்கள் குறைவு. 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் கல்லூரி ஆசிரியர். மிச்சிகனில் 1931-இல் முனைவர் பட்டம். திருவனந்தபுரத்தில் கொஞ்ச காலம் பேராசிரியர். கோவைக் கரும்பு நிலையத்தில் சில ஆண்டுகள். 1940 முதல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு நிறுவனம், பிறகு விஸ்லி தோட்டம். 1945-இல் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். நேரு அழைத்ததால் 1951-இல் திரும்பி வந்தார், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்க. ஆனால் அதன் தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. எழுபது வயதைத் தாண்டியபின் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் குடியேறி, 1984-இல் இறக்கும்வரை வேலை செய்தார். எந்த நாற்காலியும் அவருக்கு நிரந்தரமாக இருக்கவில்லை. குரோமோசோம் எண்ணும் வேலையோ எங்கே போனாலும் கூடவே போனது. உங்கள் காலத்திலும் முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஊர்களில், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் வேலைகள்தான் முதலில் வரும். நிலையான இடம் கிடைக்கையில் முப்பத்தைந்து வயது ஆகியிருக்கலாம். அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மாமா சொல்லும் பி.எட். மட்டமான யோசனை அல்ல. இரண்டு முறை நெட் எழுதியும் ஜே.ஆர்.எஃப். வரவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள்.

ஜே.ஆர்.எஃப். வந்துவிட்டால், வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். அவருடைய பழைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று விசாரியுங்கள். குறிப்பாக மாணவிகளிடம் தனியாகப் பேசுங்கள். எழுத்தில் சொல்லாததைத் தொலைபேசியில் சொல்வார்கள். பிறகு அவருக்கு எழுதுங்கள். ‘மரியாதைக்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதல் தாவரங்கள்மேல் ஆர்வம்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் அவருக்கு வாரம் பத்து வரும். அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, அது ஏன் அப்படி என்று நான்கு வரியில் கேளுங்கள். ஜே.ஆர்.எஃப். இருப்பதைக் கடைசி வரியில் சொல்லுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பிழை திருத்தித் தருகிறேன்.