மடியில் நிற்குமா? கையடக்கக் கணினிக் கேள்விகள்

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் பயணத்திலேயே கழிகிறது, பெரும்பாலும் ரயில். அறிக்கை எழுதுவது, எக்செல் பார்ப்பது, மெயில், அவ்வளவுதான் என் தேவை. 13 அங்குல லேப்டாப், கீபோர்டு மாட்டிக்கொள்ளும் டேப்லெட், 7 அங்குல மினி லேப்டாப், இந்த மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: எடை, வேகம் எல்லாம் அப்புறம். தட்டச்சு செய்யும்போது அது எதன்மேல் இருக்கப்போகிறது, மேசையா மடியா? ரயில் என்கிறீர்கள், அப்படியென்றால் பாதி நேரம் மடிதான். மடிக்கணினி என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம், ஆனால் இன்று வருகிற சின்னக் கணினிகள் பலவற்றுக்கு மடியில் நிற்கத் தெரியாது. கீபோர்டு மாட்டும் டேப்லெட்டில் பேட்டரி, மதர்போர்டு எல்லாமே திரைக்குப் பின்னால் இருக்கிறது, கீபோர்டு வெறும் அட்டை மாதிரி. முதுகில் ஒரு காலை விரித்து மேசையில் கம்பீரமாக நிற்கும். மடியில் வைத்தால் அந்தக் கால் முழங்கால் பக்கமாக வழுக்கும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிடும். லேப்டாப்பில் கனம் அடியில் இருக்கிறது, கீல் இறுக்கமாக இருக்கிறது, அதனால் தொடை சற்று ஆடினாலும் திரை அசையாது.

எடையிலும் ஒரு கண்கட்டு உண்டு. டேப்லெட் விளம்பரத்தில் போடுவது பலகையின் எடையை மட்டும். மைக்ரோசாப்ட் 2018இல் கொண்டுவந்த சர்ஃபேஸ் கோ 522 கிராம், அதன் கீபோர்டு 245 கிராம், இரண்டும் சேர்ந்தும் முக்கால் கிலோதான், அது உண்மையிலேயே லேசு. ஆனால் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவை அதன் மேஜிக் கீபோர்டோடு சேர்த்துத் தூக்கினால், 1.24 கிலோ உள்ள எம்2 மேக்புக் ஏரைவிடக் கனம்! லேசாக இருக்கட்டும் என்று டேப்லெட் வாங்கி லேப்டாப்பைவிட அதிகமாகச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். சார்ஜரையும் பையில் போட்டு மொத்தமாக நிறுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் தோளுக்குத் தெரிகிற எடை.

மினி லேப்டாப் ஆசை எனக்கும் இருந்தது. 2007இல் ஆசுஸ் ஈ பிசி வந்தபோது 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவு என்று உலகமே அதன் பின்னால் ஓடியது. அந்தத் திரையின் 800 புள்ளி அகலத்துக்குள் ஒரு வலைப்பக்கம்கூட முழுதாக அடங்காது, பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்கவேண்டும். இப்போது வருகிற மினிகளில் திரை துல்லியமாகிவிட்டது, ஆனால் விரல் அதே விரல்தானே. சாதாரண கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். 7 அங்குல உடம்பில் அந்த இடைவெளிக்கு இடமே கிடையாது, அதனால் விசைகளைச் சுருக்குவார்கள், காற்புள்ளியையும் அடைப்புக்குறியையும் ஏதாவது ஒரு மூலைக்கு விரட்டுவார்கள். நான் ஒன்றை வாங்கி மூன்று வாரம் போராடினேன், பழகியும் விட்டது, ஆனால் பழகிய பிறகு வீட்டுக் கீபோர்டில் கை தடுமாற ஆரம்பித்தது. இப்போது அது அலமாரியில் இருக்கிறது. சர்வர் அறையில் நின்றபடியே நாலு கட்டளை தட்டுகிற ஆட்களுக்கு அது நல்ல கருவி. அறிக்கை எழுதுபவருக்கு அல்ல.

ஆக உங்களுக்கு 13 அங்குல லேப்டாப்தான், ஒன்றேகால் கிலோவுக்குள் பாருங்கள். அடியில் காற்றுத் துளைகள் இருக்கிற மாடலென்றால் மடியில் வேட்டியோ துப்பட்டாவோ அதை அடைத்துவிடும், முடிந்தால் மின்விசிறி இல்லாததாக எடுங்கள். எழுதுவது குறைவு, படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் அதிகம் என்றால் மட்டும் டேப்லெட் பக்கம் போகலாம்.

கேள்வி: 12 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு 5 மணி நேரம்தான் வருகிறது. பேட்டரி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அட்டையில் உள்ள மணிக்கணக்கை விட்டுவிட்டு பேட்டரியின் வாட் அவர் எண்ணைப் பாருங்கள், அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு அது. 50 வாட் அவர் பேட்டரி, கணினி சராசரியாக 5 வாட் இழுத்தால் 10 மணி நேரம், 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம், கணக்கு அவ்வளவுதான். நிறுவனங்கள் பல திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு அளக்கின்றன, வீடியோவுக்குச் சிப்பில் தனிப்பகுதி இருப்பதால் அதற்கு மின்சாரம் மிகக் குறைவாகவே ஆகும். நீங்களோ ஜன்னலோர வெயிலில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, இருபது டேப் திறந்து, வீடியோ மீட்டிங்கும் போடுகிறீர்கள். சரி, இன்னொரு திருடனும் இருக்கிறான்: மூடி பைக்குள் வைத்த பிறகும் விண்டோஸ் லேப்டாப்கள் பல முழுதாகத் தூங்குவதில்லை, மெயில் பார்க்க நடுவில் விழிக்கும். பையிலிருந்து எடுக்கும்போது சூடாக இருந்தால் அதுதான் காரணம். பவர் அமைப்பில் போய், மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி மாற்றுங்கள். திறக்க சில நொடிகள் கூடும், பேட்டரி தப்பிக்கும்.

கேள்வி: போன் சார்ஜரிலும் பவர்பேங்கிலும் லேப்டாப்பை ஏற்றலாமா?

பதில்: லேப்டாப்பில் யூஎஸ்பி சி வழியாக சார்ஜ் ஏறும் வசதி இருந்தால் ஏற்றலாம், ஆனால் எத்தனை வாட் என்பதில்தான் விஷயம். மேக்புக் ஏர் போன்றவற்றுக்கு 30 வாட் போதும், பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களுக்கு 45 அல்லது 65. 20 வாட் போன் சார்ஜரில் சில மெதுவாக ஏறும், சில ஏற்கவே மறுக்கும். சார்ஜரில் 80 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள், போன் நிறுவனங்கள் சில அந்த வேகத்தைத் தங்கள் போனுக்கு மட்டும் தருகின்றன. 'பவர் டெலிவரி' (யூஎஸ்பி சி கருவிகளுக்குப் பொதுவான சார்ஜ் முறை) என்று போட்டு அதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

பவர்பேங்கில் 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் அவர். மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும், அதனால் 50 வாட் அவர் லேப்டாப்பை ஒரு முறை நிரப்பலாம், இரண்டாவது முறையை எதிர்பார்க்காதீர்கள். விமானத்தில் 100 வாட் அவருக்கு மேற்பட்டதற்கு முன் அனுமதி வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. கைப்பையில்தான் வைக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

கேள்வி: ஸ்டீம் டெக் மாதிரி கையில் பிடித்து விளையாடும் கருவியையே கணினியாகவும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பது விண்டோஸ் மாதிரியே ஒரு இயங்குதளமான முழு லினக்ஸ்தான், டெஸ்க்டாப் முறைக்கு மாறி புளூடூத் கீபோர்டைச் சேர்த்தால் வேலை நடக்கும். 2022இல் வந்த முதல் மாடல் 669 கிராம். கீபோர்டு, நிறுத்திவைக்க ஒரு தாங்கி, மவுஸ் என்று சேர்த்த பிறகு 7 அங்குலத் திரையில் எக்செல் பார்ப்பீர்கள். விளையாட வாங்குங்கள், வேலை அவசரத்துக்கு உதவும். வேலைக்கென்றே வாங்காதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய மினி லேப்டாப் ஒன்று கிடைக்கிறது. பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த அளவுக் கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்துத்தான் வரும், கூட்ட முடியாது. அந்த மாடலில் தனி ஸ்லாட் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் அது விண்டோஸ் 11 ஏற்குமா என்றும் பார்க்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால், லினக்ஸ் போட்டுப் பழகும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால் மட்டும் எடுங்கள்.