சார்ம் என்றால் எத்தனை ரூபாய்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஐந்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: சார்ம். கையில் மாட்டுவது சார்ம், கழுத்தில் கட்டுவது சார்ம், வீட்டுத் தரைக்கு சார்ம், விலைக்குக்கூட சார்ம். லத்தீனில் கார்மென் என்றால் பாட்டு, மந்திர உச்சாடனம். அது பிரெஞ்சு வழியாக சார்ம் என்று ஆங்கிலத்துக்கு வந்தபோது மந்திரம் என்றுதான் பொருள். அப்புறம் மந்திரித்த பொருள், அப்புறம் மந்திரம் போட்ட மாதிரி ஆளை இழுக்கிற வசீகரம், கடைசியாகச் சங்கிலியில் தொங்குகிற குட்டி உரு. நம்மிடம் இதற்கெல்லாம் மந்திரம், தாயத்து, களை, உரு என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. அங்கே எல்லாம் ஒன்றே. விற்கிறவருக்கு அதுதான் வசதி: நீங்கள் ஓர் அர்த்தத்தில் கேட்பீர்கள், அவர் வேறோர் அர்த்தத்தில் பில் போடுவார்.

மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதினாறு வயது. பிறந்தநாளுக்கு சார்ம் பிரேஸ்லெட் வேண்டும் என்கிறாள். காரைக்குடியில் ஒரு கடையில் சங்கிலிக்குத் தனி விலை, அதில் தொங்குகிற இதயம், நட்சத்திரம், பூனைக்குட்டி ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்கிறார்கள். வெள்ளியாம், ஆனால் எடை சொல்ல மாட்டார்களாம். இது தாயத்தா, நகையா? வாங்கலாமா? (தேவகோட்டையிலிருந்து ஓர் ஆயா)

தாயத்தாகப் பிறந்து நகையாக வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கொன்றும் புதிதில்லை. சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் குட்டிக் குட்டியாகச் செய்து கோத்துக் குழந்தை கழுத்தில் போட்டார்களே ஐம்படைத்தாலி, அது அசல் சார்ம்தான். நகரத்தார் கல்யாணத் தாலியான உங்கள் கழுத்திருவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏத்தனம், கடைமணி, குச்சி என்று ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பேர், ஓர் இடம். ஒரே வித்தியாசம், கழுத்திரு செய்யும்போது ஆசாரி ஒவ்வோர் உருவையும் தராசில் வைத்துக் காட்டினார், இவர்கள் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. போன வருஷம் அக்கா மகளுக்கு நானும் ஒன்று வாங்கப் போனேன். வெள்ளியில் ஒரு மீன், சுண்டுவிரல் நகத்தளவு, 1,150 ரூபாய். எடை போடச் சொன்னேன், "இது பீஸ் ரேட் சார்" என்றார் பையன். போடுப்பா என்றதும் போட்டார், 1.3 கிராம். அன்றைக்கு வெள்ளி கிராம் 110 ரூபாய். ஆக மீனுக்குள் இருந்த வெள்ளி 143 ரூபாய், பாக்கி ஆயிரத்துச் சொச்சம் கூலியும் சார்மும். வேலைப்பாட்டுக்குக் காசு கேட்பது தப்பில்லை. ஆனால் நாளைக்கு விற்கப் போனால் திரும்பி வருவது அந்த வெள்ளிக்கு அன்றைய விலைதான் என்று தெரிந்து வாங்க வேண்டும். நான் வாங்கினேன், தெரிந்தே. மீன் அழகாக இருந்தது.

ஹால்மார்க் சமாச்சாரம். தங்கத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யூ.ஐ.டி. என்ற ஆறிலக்கக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்தது, இருந்தே ஆக வேண்டும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. சார்ம் பெரும்பாலும் அதற்குள்தான் வரும், அதனால் தங்க சார்மில் குறி இல்லை என்றாலே ஏமாற்று என்று சண்டைக்குப் போக முடியாது. காரட் எத்தனை, எடை எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வெள்ளிக்கு இப்போதைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. விருப்பப்பட்ட கடைக்காரர் போடலாம், 2025 செப்டம்பரிலிருந்து அதிலும் எச்.யூ.ஐ.டி. வருகிறது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, என்ன தரம் என்று காட்டிவிடும், பேத்தி அரை நிமிஷத்தில் பார்த்துச் சொல்வாள். 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்று சொன்னால் அதில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் மணிக்கட்டில் அரிப்பெடுக்கும்.

இன்னொன்று. சார்மைச் சங்கிலியோடு சேர்க்கிற வளையத்தை உற்றுப் பாருங்கள். வாய் பற்றவைக்காமல் வெறுமனே நெருக்கிவிட்டிருப்பார்கள், சுடிதார் நூலில் ஒரு தடவை மாட்டினால் விரிந்துவிடும். என் அக்கா மகளின் மீன் அப்படித்தான் கொப்புடையம்மன் கோயில் கூட்டத்தில் போனது. உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைத்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடானால் கழற்றி உயரத்தில் வையுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் சிக்குகிற அளவு அது.

பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள் ஆயா. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற ஊர் நம்முடையது.

அம்மாவுக்கு மூட்டுவலியும் சர்க்கரையும். போனில் ஒரு விளம்பரம்: "சக்தி வாய்ந்த சார்ம், மந்திரித்த கவசம், 48 நாளில் சர்க்கரை இறங்கும், 5,100 ரூபாய்." அம்மா பணம் அனுப்பச் சொல்கிறார். (கண்டனூரிலிருந்து ஒரு மகன்)

அனுப்பாதீர்கள் தம்பி. திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு, பயந்த பிள்ளைக்குத் தாயத்து என்று கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. என் அப்பத்தா கட்டிய வெள்ளித் தாயத்தோடுதான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விளம்பரம் செய்து விற்றால் அது வேறு கணக்கு. 1954-இல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம், அதோடு "வேறு எந்த வகையான சார்மும்" என்று இதே சொல்லைப் போட்டே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அம்மா மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 5,100 ரூபாய் போவதைவிட அதுதான் ஆபத்து.

பள்ளத்தூரில் பூர்வீக வீட்டு வளவில் தரை மாற்றுகிறோம். ஆத்தங்குடி கல் 600 ஆர்டர் கொடுத்தோம். வந்த கல் ஒன்றுக்கொன்று நிறம் மாறியிருக்கிறது, சில கல் ஓரம் உடைந்திருக்கிறது. கேட்டால் "கைவேலை சார், அதுதான் சார்ம்" என்கிறார்கள். (சென்னையிலிருந்து)

பாதி உண்மை சொல்லியிருக்கிறார். ஆத்தங்குடி கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஊற்றுகிறது ஒரு கை, அதனால் பூவின் விளிம்பு கொஞ்சம் அசைந்திருக்கும், இன்றைக்குக் கலந்த பச்சையும் நாளைக்குக் கலந்த பச்சையும் அச்சு அசலாக இருக்காது. அதைச் சார்ம் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ஓரம் உடைந்தது, முகத்தில் விரிசல், ஒரு கல் தடிமன், ஒரு கல் மெலிசு என்பதெல்லாம் சார்ம் இல்லை, குறை. குறையுள்ள பொருளை மாற்றித் தரச் சொல்ல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. பதிப்பதற்கு முன்னால் 600 கல்லையும் முற்றத்தில் பரப்பி, உடைந்ததைத் தனியே அடுக்கிப் போட்டோ எடுத்து, எண்ணிக்கையோடு எழுதி அனுப்புங்கள். பதித்த பிறகு போனால் கொத்தனார் உடைத்தார் என்பார்கள். நிறம் மாறியதை ஒதுக்க வேண்டாம், கலந்து கலந்து பதித்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரே பக்கம் சேர்ந்தால்தான் திட்டாகத் தெரியும். ஆசிட் ஊற்றி மட்டும் கழுவிவிடாதீர்கள், முகமே போய்விடும்.

அறுபதாம் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் தங்க ஒரு பழைய பங்களா விடுதி பார்த்தோம். "ஓல்டு வேர்ல்டு சார்ம்" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் இல்லை, மாடிப்படி செங்குத்து. வழக்குப் போடலாமா? (காரைக்குடி)

லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தார்களா? இல்லையென்றால் கஷ்டம். சார்மை எந்த மன்றமும் அளந்து பார்க்க முடியாது, லிஃப்ட்டை முடியும். நூறு வருஷத்து வீட்டில் படி செங்குத்தாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்குக் கீழ்த்தள அறை எத்தனை, அறைக்குள்ளேயே கழிப்பறை உண்டா, வேண்டாமென்றால் முன்பணம் திரும்புமா, இந்த மூன்றையும் வாட்ஸப்பில் எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் போடுங்கள்.

எல்லாக் கடையிலும் ஏன் 499, 999? (பேர் போடாத ஒருவர்)

அதற்கும் சார்ம் பிரைசிங் என்றுதான் பேர். கண் முதலில் இடப்பக்க எண்ணைத்தான் பிடிக்கிறது, 999 ஆயிரத்தைவிட ரொம்பக் குறைவு மாதிரி மனசில் உட்காருகிறது. நம்மூரில் பாட்டா விலை என்று கேலி செய்வோம், தெரிந்தே வாங்கவும் செய்வோம். அந்த ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள், ரூபாயைக் கேளுங்கள்.