ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனியின் உரை கூட்டத்தை அப்படி மாற்றிவிடுவது எப்படி?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஆங்கில இலக்கியம் படிக்கிறீர்கள், நோட்ஸில் 'வஞ்சப்புகழ்ச்சி, திரும்பத் திரும்பச் சொல்லுதல்' என்று இரண்டு வரி கொடுத்து முடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அது தவறில்லை. ஆனால் அது பாதிதான், மீதி கூட்டத்தின் வாயில் இருக்கிறது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. புரூட்டஸும் கூட்டாளிகளும் சீசரைக் கொன்ற பிறகு, சீசரின் நண்பன் ஆண்டனி ரோம் மக்கள் முன்னால் இரங்கல் உரை ஆற்றுவது மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில். எங்கள் கல்லூரி விழாவில் அதைப் போட்டபோது, கேட்கும் கூட்டத்தில் நான்காம் குடிமகனாக நடித்தவன் நான். கைதட்டல் எல்லாம் ஆண்டனி வேஷக்காரனுக்குத்தான். ஆனாலும் அந்த உரை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கூட்டத்துக்குள் நிற்பதுதான் சரியான இடம்.

நான்காம் குடிமகனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவன் வசனங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஆண்டனி பேச வரும்போது, "இங்கே புரூட்டஸைப் பற்றித் தப்பாகப் பேசாமல் இருந்தால் அவருக்கு நல்லது" என்கிறான். கொஞ்ச நேரத்தில், "கிரீடத்தை வாங்க மறுத்தாரே, அப்படியானால் சீசருக்குப் பதவி ஆசை இல்லை என்பது நிச்சயம்" என்கிறான். அப்புறம், "அவர்கள் துரோகிகள்! கண்ணியவான்களாம்!" என்று கத்துகிறான். அதுவரை ஆண்டனி யாரையும் துரோகி என்று சொல்லவே இல்லை. முதலில் சொல்வது இவன்தான்.

அது தற்செயல் இல்லை. எங்களைக் குறை சொல்லக்கூடாது, எங்கள் அனுமதியோடுதான் பேசுவதாகச் சொல்லவேண்டும் என்று புரூட்டஸ் நிபந்தனை போட்டிருக்கிறான். ஆகவே ஆண்டனி சாட்சியங்களை மட்டும் வைக்கிறான். கைதிகளை மீட்கக் கொடுத்த பணத்தைச் சீசர் பொதுக் கருவூலத்தில் சேர்த்தார், ஏழைகள் அழுதபோது அவரும் அழுதார், லூப்பர்கால் திருவிழாவில் மூன்று முறை நீட்டிய கிரீடத்தை மூன்று முறையும் மறுத்தார். தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறான். புரூட்டஸ் முன்னால் பேசியபோது காரணம், முடிவு எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டான். கேட்பவனுக்கு வேலையே இல்லை.

சீசரின் உயிலைக் காட்டி, படிக்க மாட்டேன் என்று இழுத்து, நாம் கெஞ்சிய பிறகு கீழே இறங்கி, பிணத்தைச் சுற்றி நம்மை நிற்கவைக்கிறானே, அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. நெர்வியர் என்ற இனத்தாரைப் போரில் வென்ற நாளின் மாலையில் சீசர் முதன்முதலாக அணிந்த அங்கி இது என்கிறான். இங்கே காசியஸின் கத்தி, இங்கே காஸ்கா, இதோ புரூட்டஸ் என்று சதிகாரர்களின் பெயரைச் சொல்லி ஓட்டை ஓட்டையாகக் காட்டுகிறான். கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லவே இல்லை, இன்னொரு சதிகாரன் டிரெபோனியஸ் அவனை முன்பே வெளியே அழைத்துப் போயிருந்தான். எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவனும் கேட்கவில்லை. எங்கள் அங்கி, குங்குமம் கரைத்துத் தடவிய பழைய வேட்டி. அது தெரிந்தும் அவன் விரல் போன இடமெல்லாம் என் கண் போனது.

அறிஞர்கள் சண்டைக்கு வரவேண்டாம். 'புரூட்டஸ் கண்ணியவான்' என்று ஆண்டனி திரும்பத் திரும்பச் சொல்லும் வரியின் பலத்தை நான் மறுக்கவில்லை. சீசரைக் கொன்றது நியாயமா என்ற வழக்குக்கும் போகவில்லை.

என் ஆதங்கம் வேறு. பேச்சுப் போட்டிகளில் கூட்டத்தின் வசனங்களை வெட்டிவிட்டு உரையை மட்டும் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். என் மகள் ஒரு போட்டியில், "என் இதயம் அந்தப் பெட்டிக்குள் சீசரோடு இருக்கிறது, அது திரும்பி வரும்வரை நிறுத்திக்கொள்கிறேன்" என்ற வரிக்குப் பிறகு நிறுத்தினாள். நிறுத்தச் சொல்வது ஷேக்ஸ்பியர். அந்த இடைவெளியில்தான் குடிமக்கள் தங்களுக்குள் பேசி மனம் மாறுகிறார்கள். நடுவர் வரி மறந்துவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். முதல் பரிசு மூச்சுவிடாமல் கத்திய பையனுக்கு. நாடகத்தை ஒருமுறையாவது படித்தவரை நடுவராக உட்காரவைக்கக் கூடாதா? குழந்தைகள் வாரக்கணக்கில் உழைக்கிறார்கள், நடுவர் நாற்காலிக்குக் கடைசி நேரத்தில் கையில் கிடைத்தவரைப் பிடித்துவருகிறார்கள்.

சரி, தேர்வுக்குப் படிப்பதானால் உரையோடு நிறுத்தாதீர்கள். அடுத்த காட்சியில் சின்னா என்ற கவிஞனை, சதிகாரன் ஒருவனின் பெயரும் அதுதான் என்பதற்காகவே கூட்டம் அடித்து இழுத்துப் போகிறது. அதிலும் முன்னால் நிற்பவர்களில் ஒருவன் இந்த நான்காம் குடிமகன். நான்காம் அங்கத்தின் முதல் காட்சியையும் பாருங்கள். ரோமக் குடிமக்களுக்குத் தலைக்கு 75 டிராக்மா நாணயம் என்று வாசித்துக் காட்டினானே, அந்த உயிலில் எதைக் குறைக்கலாம் என்று ஆண்டனி அங்கே யோசித்துக்கொண்டிருக்கிறான்.