கல்லுக்கும் முன்னமா நாம?

கடிதம்:

வணக்கம் அண்ணே, நான் மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடி. ஏஎல் எடுத்துப்போட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டு இருக்கன். பேஸ்புக்கில ஒரு போஸ்ட், கல் தோன்றி மண் தோன்றாக் காலத்திலயே தமிழன் இருந்தானாம், உலகத்தில முதல் மனிசனே நாமதானாம், கீழ கமெண்ட்ல ஒரே சண்டை. அதே நாள் யூடியூப்ல ஒரு வீடியோ, பிரபஞ்சத்தில நாம தூசிக்கும் காணாதாம், நாம ஒண்டுமே இல்லயாம். இவர் நாமதான் எல்லாம் எண்டுறார், அவர் நாம ஒண்டுமில்ல எண்டுறார். எதண்ணே உண்மை? மறுகா, இஞ்ச இலங்கையில முதல்ல ஆர் இருந்த எண்டும் செல்லுங்க.

பதில்:

தம்பி, ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா தல சுத்தும்தான்.

முதல் அந்த வரி. அது புறப்பொருள் வெண்பாமாலையில கரந்தைப் படலத்தில வாற வெண்பா. பகைவர் கொண்டுபோன மாட்ட மீட்கப் போற மறவர்ட குடிய, வாளோட முன்னமே பிறந்த குடி எண்டு தூக்கிப் பாடுறது. நல்ல பாட்டு. அத பேர்த் சேட்டிபிக்கட் மாதிரி நீட்டிக்கொண்டு திரிஞ்சா அது பாட்டில உள்ள பிழையில்ல.

கல் எப்ப தோன்றின எண்டு பாக்க நீங்க தூரம் போகத் தேவையில்ல, உன்னிச்சைப் பக்கமோ குடும்பிமலைப் பக்கமோ போனாக் காணும். நம்மட பக்கத்து மலைக்கல்லு அனேகம் நைஸ் (gneiss) எண்டுற வகை, கிட்ட நிண்டு பாத்தா வெள்ளையும் கறுப்புமா வரிவரியா ஓடும். நிலத்துக்கு அடியில பல கிலோமீற்றர் ஆழத்தில கிடந்து, சூட்டிலயும் பாரத்திலயும் நெரிபட்டு வந்த வரி அது. அது நடந்து 50 கோடி வருசத்துக்குக் கிட்ட. அப்ப இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கோண்டுவானா எண்டு ஒரே தரையா ஒட்டிக் கிடந்த. மனிசன்? நம்மட இனத்தில இதுவரைக்கும் கிடைச்ச ஆகப் பழைய எலும்பெண்டு அனேகமானவங்க செல்லுறது மொரோக்கோவில ஜெபல் இர்ஹூட்ல எடுத்தது, 3 லட்சம் வருசம் எண்டு 2017லதான் கணிச்சு வெளியிட்டாங்க. சரி, வாளுக்கு இரும்பு வேணுமே? தமிழ்நாட்டில சிவகளையில 5,300 வருசத்துக்கு முன்னமே இரும்பு இருந்த எண்டு 2025ல அரசாங்கமே அறிக்கை விட்ட. அத அப்படியே ஒத்துக்கொண்டாலும் 3 லட்சத்துக்குப் பக்கத்தில அது நேத்து. ஆனா பாருங்க, வாள அடிச்ச ஆள் புதுசு, இரும்பு பழசு. சூரியன் உண்டாகி 460 கோடி வருசம், அதுக்கும் முன்னம் செத்துப்போன நட்சத்திரங்களுக்குள்ள உண்டான சரக்கு அது. உங்கட ரத்தத்தில ஓடுற இரும்பும் அதேதான், சண்டை பிடிக்கிற மற்றவன்ட ரத்தத்தில ஓடுறதும் அதேதான்.

மறுகா அந்த வீடியோ. தூரக் கணக்கெல்லாம் சரி. தை மாசம் மழை விட்ட ஒரு நாள் இருட்டின கையோட, நிலா இல்லாத நேரமாப் பாத்து படுவான்கரைப் பக்கம் போய் வடமேற்க பாருங்க, ஆன்ட்ரோமீடா, நம்மட பால்வீதி மாதிரி இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம், புகை மாதிரி ஒரு சின்னத் திட்டாத் தெரியும், தொலைநோக்கி ஒண்டும் தேவையில்ல. அந்த வெளிச்சம் வெளிக்கிட்டு 25 லட்சம் வருசம். அது வெளிக்கிடக்குள்ள நம்மட இனமே இல்ல, நமக்கு முன்னத்த வகை ஏதோ ஒண்டு ஆபிரிக்காவில கல்ல உடைச்சுக் கூராக்கிக்கொண்டு இருந்த காலம். இவ்வளவும் கணக்கு, இதில மறுக்க ஒண்டுமில்ல. ஆனா "அதால நாம ஒண்டுமில்ல" எண்டு அவர் முடிச்சாரே, அது பௌதிகம் இல்ல, அண்டைக்கு அவர்ட மனநிலை. தூரத்த அளக்கலாம், பெறுமதிய ஒளியாண்டில அளக்க ஏலாது. எனக்கென்னவோ போஸ்ட் போட்டவருக்கும் இவருக்கும் ஒரே வருத்தம்தான் எண்டு படுது, நாம பெருசா சின்னனா எண்டத விட்டா ரெண்டு பேருக்கும் வேற கேள்வியே வரல்ல.

வேற கேள்வி நிறைய இருக்கு தம்பி. களுத்துறை மாவட்டத்தில பாகியன் குகையில 48,000 வருசத்துக்கு முன்னம் ஆக்கள் இருந்திருக்காங்க. எலும்பச் சீவி அம்பு முனை செஞ்சு குரங்கும் மர அணிலும் அடிச்சுத் திண்டிருக்காங்க. எனக்கு அதில பிடிச்சது என்னெண்டா, அந்த மழைக்காட்டுக் குகையில கடல் சிப்பில செஞ்ச மணியும் இருந்திருக்கு. காட்டில சிப்பி ஏது? கரையில இருந்தவங்களோட குடுத்து வாங்கியிருக்கணும், அப்பவே.

இஞ்ச முதல்ல ஆர் எண்டு கேட்டீங்க. ஆபிரிக்காவில இருந்து நடந்து வந்த சனம்தான் எல்லாரும், முன்னப் பின்ன வந்ததுதான் வித்தியாசம். கடைசிப் பனியுகத்தில கடல் 120 மீற்றர் கிட்ட இறங்கிக் கிடந்த, இந்தியாவில இருந்து காலாலயே வரலாம். இதுக்கு ஒரு பரிசு குடுக்கத்தான் வேணுமெண்டா, வாகரைப் பக்கம் தமிழ் கதைச்சுக்கொண்டு மீன்பிடிச்சுச் சீவிக்கிற, இலங்கைட பழங்குடியான வேடர் சனத்துக்குத்தான் அது கிட்டப் போகும், அவங்க அந்தப் போஸ்டுக்குக் கீழ ஒரு கமெண்டும் போட்டதா நான் காணல்ல.